பதினான்கு அங்குல ரிம்

சென்ற டிசம்பரில் குளுவாங்கில் ஏழு டயர் கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "185/60 ஆர் 14 இருக்கா பாஸ்?" ஆறு கடையில் இல்லை என்றார்கள். ஏழாவது கடைக்காரர், வயதான சீனர், என் காடியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு மலாய்மொழியில் சொன்னார். "இந்தக் காடிக்கு எல்லாரும் பெரிய ரிம் கேட்டுத்தான் வருவாங்க. சின்னதாக்கணும்னு கேட்டு வந்த முதல் ஆள் நீதான்."

காடி என்னுடையது அல்ல, அண்ணனுடையது. மாஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற, கூரையைப் பின்னால் மடக்கிவிடக்கூடிய, இரண்டே பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 2007இல் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் சேர்த்த காசையெல்லாம் கொட்டி, ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி ஒன்றை அண்ணன் வாங்கினான். வாங்கிய இரண்டாவது வாரமே அதில் இருந்த பதினான்கு அங்குல ரிம் நான்கையும் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டு, பதினேழு அங்குல ஸ்போர்ட் ரிம் மாட்டினான். பதினேழு வருடமாக அந்தச் சின்ன ரிம்கள் அம்மாவின் பழைய புடவை சுற்றி அங்கேயே கிடந்தன. அவற்றைத் திரும்ப மாட்டலாம் என்று இறங்கியவளுக்குத்தான் டயரின் வரலாறு ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டு வரலாறும் அதற்குள்ளேயே இருந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

முதலில் அந்த எண்களைச் சொல்லிவிடுகிறேன். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் அறுபது சதவிகிதம் டயர்ச் சுவரின் உயரம் என்று பொருள். அதாவது 111 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவிகிதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடக்கின்றன. கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் மொத்த உயரம் 578 மில்லிமீட்டர் வரும். ரிம்மைப் பெரிதாக்குகிறவன் இந்த மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரிம் ஓர் அங்குலம் கூடினால் டயர்ச் சுவர் அதற்கேற்பக் குறைய வேண்டும். 195/50 ஆர் 15 போட்டால் 576 மில்லிமீட்டர். சரியான கணக்கு. அண்ணன் போட்டது 205/40 ஆர் 17. அது 596 மில்லிமீட்டர். மீட்டர் 110 காட்டும்போது வண்டி உண்மையில் 113க்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும்.

இது பெரிய தப்பு இல்லை. பெரிய தப்பு வேறு இடத்தில் இருந்தது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியோடு போல்ட்டில் இறுகும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஆப்செட் என்பார்கள். பழைய ரிம்முக்கு 45, அண்ணன் வாங்கிய ரிம்முக்கு 30. அகலமும் ஐந்தரை அங்குலத்திலிருந்து ஏழரைக்குப் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ரிம்மின் விளிம்பு முன்பைவிட 40 மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். வந்து நின்றது. மட்கார்டின் உள்விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடக்கினான். அப்படியும் குழியில் விழுந்தால் டயர் உரசும். கர்ர் என்ற அந்தச் சத்தத்தை வைத்தே அண்ணன் தாமானுக்குள் நுழைந்துவிட்டான் என்று அம்மா சொல்லிவிடுவார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. இடைநிலைப்பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெயர். அண்ணனின் ரிம்மைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அம்மா இன்னும் ஆட்டுக்கல்லில்தான் மாவாட்டிக்கொண்டிருந்தார். ஒரு ரிம் காசில் ஒரு கிரைண்டர் வாங்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். "நீ படிச்ச புள்ள, ஒனக்குப் புரியாது" என்றான். எனக்குப் புரியாமல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எஸ்டேட்டிலிருந்து வந்த நம் பையன்கள் காசைப் பிடித்து வைக்கத் தெரியாதவர்கள், இவனும் அதில் ஒருவன், அவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பாட்டி மட்டும் புது ரிம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டயர் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நாற்பது வருடம் பால் வெட்டிய கை. பல வருடம் ஷீட் கொட்டகையிலும் வேலை பார்த்திருக்கிறார். சுவர் ஓரத்தில் நூல்நூலாக ஓடிய வெடிப்புகளை நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"இது பழைய ரப்பருய்யா. வெயில்ல காஞ்ச ஷீட்டு இப்பிடித்தான் வெடிக்கும். வேற வாங்கிப் போடு."

"ஐயோ பாட்டி, கட்ட முழுசா இருக்கு பாருங்க. பூ தேயவே இல்ல" என்றான் அண்ணன்.

ரிம்மோடு சேர்த்து மலிவாகக் கிடைத்த, ஏற்கெனவே ஓடிய டயர்கள் அவை. மூன்று மாதம் கழித்து, மெர்சிங் சாலையில் ஒரு மழை நாள் மாலை, வளைவில் வண்டி அவன் பேச்சைக் கேட்கவில்லை. செம்பனை மரத்தில் போய்ப் பக்கவாட்டில் இடித்தது. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. கப்பல் பட்டறையில் வெல்டிங் பிடித்த கை அது. தகடு வைத்துத் தைத்த பிறகும் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. வேலை போனது. இன்றும் அவன் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறான்.

*

மாட்டிய சக்கரத்தைக் கழற்றி வேறு மாட்டலாம் என்பதே மோட்டார் வண்டியின் முதல் இருபது ஆண்டுகளில் இல்லாத வசதி. அப்போதெல்லாம் மரச்சக்கரம் வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். டயர் வெடித்தால் சாலையோரத்தில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்டி மாட்ட வேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காற்று நிரப்பிய டயரோடு கூடிய, ஆரங்கள் இல்லாத ஒரு வளையம். வெடித்த சக்கரத்தின்மேல் அதைக் கவ்வவைத்துவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். தெருவின் பெயரே பொருளின் பெயரானது. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எங்கள் ஸ்பேர் டயரைப் பார்த்து "ஸ்டெப்னியில காத்து இருக்கா?" என்று கேட்டபோது நாங்கள் சிரித்தோம். லனெல்லியின் ஒரு தெரு தமிழில் நூறு வருடமாக உயிரோடு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

காற்று நிரப்பிய டயர் அதற்கும் முந்தியது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைப் பயன்படுத்த அன்று சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. உலகம் மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தார். ஏழு வருடத்தில் மிஷ்லின் சகோதரர்கள் காற்று டயர் மாட்டிய காரைப் பாரிஸ் – போர்தோ – பாரிஸ் பந்தயத்தில் ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனால் வண்டி ஊர் திரும்பியது.

அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்து இறங்கினார். 1876இல் விக்கம் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகளில் முளைத்தவற்றிலிருந்து, மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்திருந்தன. அவற்றில் சில கோலகங்சாரிலும் ஊன்றப்பட்டன. பத்து வருடமாக யாரும் பொருட்படுத்தவில்லை. ரிட்லி தோட்டக்காரர்களைப் பார்க்கும் இடமெல்லாம் ரப்பர் விதையைக் கையில் திணிப்பாராம். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அவர் செய்த முக்கியமான வேலை விதை கொடுத்தது அல்ல. அமேசான் காட்டில் மரத்தைக் கண்டபடி கொத்திப் பால் எடுப்பார்கள், மரம் சீக்கிரம் பட்டுப்போகும். பட்டையை மெல்லிய சீவலாக ஒரே கோட்டில் வெட்டினால் மரம் சாகாது, அதே காயத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து வருடக்கணக்கில் பால் எடுக்கலாம் என்று காட்டியவர் ரிட்லி.

1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிகமாக ரப்பர் பயிரிட்டார். காப்பி விலை சரிந்து தவித்த துரைமார்கள் பின்தொடர்ந்தார்கள். 1908இல் போர்டு டி-மாடல் கார் வந்தது. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. அந்தப் பத்தாண்டில் டன்லப் நிறுவனமே மலாயாவில் தோட்டங்கள் வாங்கியது. சின்னப் பையன் சைக்கிளில் தொடங்கிய பெயர் எங்கள் மண்ணில் எல்லைப் பலகையாக நின்றது.

ரிட்லியின் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வெட்டு பட்டையைத் தாண்டி மரத்தைத் தொடக்கூடாது, அதே சமயம் பால் குழாய்களை அறுக்கும் அளவுக்கு ஆழமாகவும் இருக்க வேண்டும். இடையில் இருப்பது ஒரு மயிரிழை. இதை எந்த இயந்திரமும் செய்யவில்லை. விடிவதற்குள், குளிர்ச்சியில் பால் நன்றாக இறங்கும் நேரத்தில், ஒருவர் தன் நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். அந்தக் கைகளுக்காகத்தான் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். உலகம் சக்கரத்தில் உருளத் தொடங்கியதும் எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறியதும் ஒரே சம்பவத்தின் இரண்டு முனைகள்.

*

பாட்டி பிறந்தது 1936. அவருடைய அப்பாவிடம் ஒரு ராலே சைக்கிள் இருந்ததாம். லயத்திலேயே அதுதான் இரண்டாவது சைக்கிள். துரை பங்களா இருந்த மேட்டுப் பாதை வந்ததும் இறங்கி, பங்களா மறையும்வரை தள்ளிக்கொண்டுதான் போவாராம். துரை வெளியே நிற்கிறாரா இல்லையா என்பது பேச்சு இல்லை. இறங்க வேண்டும்.

இதைப் பாட்டி வேடிக்கைக் கதைபோலத்தான் சொல்லுவார். பல வருடம் கழித்து, 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தேன். சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று இருந்தது. அவற்றுக்கு நடுவில், வெள்ளைக்காரத் துரைகளும் தோட்ட அதிகாரிகளும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய கட்டாயத்தை நீக்க வேண்டும் என்றும் இருந்தது. அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ராணுவம் இறங்கி, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்து முடிந்த போராட்டம் அது. அதன் கோரிக்கைகளில் ஒன்று, நான் என் சைக்கிளில் உட்கார்ந்தே போகிறேன் என்பது.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சைக்கிளின் டயர் எந்த மரத்தின் பால்? உலகத்துக்கே டயர் கொடுத்தவர்கள், இரண்டு டயர்மேல் உட்கார்ந்து துரையைக் கடந்து போகக் கூடாது.

அந்த வருடக் கடைசியில் ஜப்பானியர் வந்தார்கள். அவர்களும் சைக்கிளில்தான் வந்தார்கள். தீபகற்பத்தின் நல்ல சாலைகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் மிதித்து இறங்கினார்கள். வெயிலில் டயர் வெடித்தபோது ஒட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் தார்ச்சாலையில் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டு டாங்கிகள் வருகின்றன என்று எதிர்த்தரப்புச் சிப்பாய்கள் பின்வாங்கியதும் உண்டு. பிறகு சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். பாட்டியின் அப்பா போனார். திரும்பவில்லை. சைக்கிளைப் பாட்டியின் அம்மா அரிசிக்கு விற்றார்.

மலாயா ரப்பர் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெரும் அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. போர் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. இயற்கை ரப்பர் அத்தோடு ஒழிந்திருக்கலாம். ஒழியாததற்கு ஒரு காரணம், அண்ணனின் டயரில் இருந்த அந்த 'ஆர்' என்ற ஓர் எழுத்து.

*

பழைய டயர்களில் நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்குச் சாய்வாக ஓடும். மிஷ்லின் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், அவற்றின்மேல் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். இதனால் சுவர் தனியாக வளையும், சாலையைத் தொடும் பகுதி தட்டையாகவே இருக்கும். வளைந்து வளைந்து நிமிரும் சுவரில் சூடு ஏறக் கூடாது. சூடு ஏறாமல் வளையும் குணம் செயற்கை ரப்பரைவிட மரத்துப் பாலுக்குத்தான் அதிகம். டயரை வேகவைப்பதற்கு முன், பச்சையாக இருக்கும்போதே வடிவம் கலையாமல் பிடித்து நிற்கும் உறுதியும் அதற்குத்தான் உண்டு. ரேடியல் பரவப் பரவ இயற்கை ரப்பரின் தேவையும் திரும்ப ஏறியது. இன்றும் கனரக லாரி, விமான டயர்களில் அதன் பங்கு பெரியது.

ரிம்மின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 1924இல் லியோனில் நடந்த பந்தயத்துக்குப் புகாட்டி தன் டைப் 35 கார்களை அலுமினிய வார்ப்புச் சக்கரங்களோடு கொண்டுவந்தார். பிரேக் டிரம்மும் சக்கரமும் ஒரே வார்ப்பு. கம்பி ஆரங்களைவிட உறுதி. ஆனால் டயர்கள் காலை வாரின, அன்று வெற்றி கிடைக்கவில்லை. ரிம் எவ்வளவு உயர்ந்தது என்றாலும் கடைசியில் சாலையைத் தொடுவது டயர்தான் என்பதை முதல் நாளிலேயே காட்டிய பந்தயம் அது. பிறகு அந்தக் கார் ஜெயித்த பந்தயங்களுக்குக் கணக்கில்லை, அது வேறு கதை.

பெரிய ரிம், குட்டைச் சுவர் என்ற ஆசை நம் தலைமுறைக்கு வந்தது 1970களில். அப்போது பிரெல்லி பி7 என்ற டயரைக் கொண்டுவந்தது. சுவர் அகலத்தில் பாதி, அதற்கும் குறைவு. போர்ஷே 911 டர்போ அதை மாட்டியது. ஆனால் அந்த ஆசைக்கு முகம் கொடுத்தது லம்போர்கினி கவுன்டாச். 1974இல் விற்பனைக்கு வந்த முதல் கவுன்டாச்சில் பின்டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், ரிம் பதினான்கு அங்குலம். ஆம், அண்ணன் கழற்றிப் போட்ட அதே பதினான்கு. கனடாவைச் சேர்ந்த பணக்காரர் வால்டர் வுல்ஃப் தன் கவுன்டாச்சுக்கு அகலமான பி7 டயர்களும் இறக்கையும் கேட்டு வாங்கினார். அதைப் பார்த்து 1978இல் நிறுவனமே எல்பி400 எஸ் என்ற வடிவத்தை வெளியிட்டது. ரிம் பதினைந்து அங்குலம், பின்டயர் 345 மில்லிமீட்டர். டயர் உடம்புக்கு வெளியே வந்துவிட்டதால் மட்கார்டுகளின்மேல் தனியாகப் புருவங்கள் ஒட்ட வேண்டியதாயிற்று. கார் வளைவில் நன்றாகப் பிடித்தது, நேர்சாலையில் பழையதைவிட மெதுவாகிப்போனது. ஆனால் உலகம் முழுக்கப் பையன்களின் அறைச்சுவரில் ஒட்டப்பட்டது அந்த அகல டயர் கவுன்டாச்தான்.

வாடிக்கையாளர் ஒருவர் டயர் மாற்றியதால் தொழிற்சாலையே காரை மாற்றியது. குளுவாங் தாமானில் மட்கார்டைச் சுத்தியலால் மடக்கியவன் செய்ததும் அதுதான். ஒருவரைச் சரித்திரம் எழுதிவைக்கிறது. மற்றவனைத் தங்கச்சி திட்டுகிறாள்.

*

எங்கள் பக்கம் அந்த ஆசை ஜப்பான் வழியாக வந்தது. 1995இல் தொடங்கிய இனிஷியல் டி மங்கா, மலைவளைவுகளில் பழைய டொயோட்டா ஓட்டும் டோபு கடைப் பையனின் கதை. எங்கள் ஊர்ப் பையன்களிடம் அதன் விசிடிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. மறு ஆண்டு ரேஸ் நிறுவனம் டிஈ37 என்ற ஆறு ஆர ரிம்மை வெளியிட்டது. அலுமினியத்தைப் பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கியது. அடித்த உலோகம் வார்த்த உலோகத்தைவிட உறுதி, ஆகவே மெலிதாகச் செய்யலாம், ஆகவே எடை குறைவு. சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அது கூடினால் குழியில் விழுந்த சக்கரம் சாலையை மறுபடி தொட நேரமாகும். அந்த இடைவெளியில் வண்டி உங்கள் கையில் இல்லை. ரிம் மாற்றுவதற்கு இருக்கும் உண்மையான காரணம் இதுதான்.

அந்த ரிம்மின் விலை அண்ணனுக்கு எட்டாது. அவன் வாங்கியது அச்சாக அதேபோல் இருக்கும் வார்ப்பு நகல். பழைய இரும்புக்காரரிடம் தராசு கடன் வாங்கி நிறுத்துப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே கிடந்த மாஸ்டாவின் ரிம் ஆறு கிலோகூட இல்லை. அண்ணனின் ரிம் பத்து கிலோ. ஆயிரம் கிலோவுக்கும் குறைவான அந்தக் குட்டி வண்டியை, குதிரையும் ஓட்டுபவனும் ஒன்றே என்ற ஜப்பானியச் சொல்லை முன்வைத்துக் கிராம் கிராமாக எடை குறைத்துச் செய்திருந்தார்கள். அதன் காலில் இவன் இரும்புச் செருப்பை மாட்டியிருந்தான்.

அகல டயர் அதிகம் பிடிக்கும் என்பதும் பாதி உண்மைதான். டயர் சாலையைத் தொடும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது வண்டியின் எடையும் காற்றழுத்தமும். டயரை அகலமாக்கினால் அந்தப் பரப்பு அகலமாகவும் குட்டையாகவும் மாறுமே தவிர, பெரிதாகக் கூடிவிடாது. காய்ந்த சாலை வளைவில் அது நல்லது. மழைத் தண்ணீரில் இலேசான வண்டிக்கு அதுவே எதிரி. அகலமான டயர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள முடியாமல் அதன்மேல் ஏறி மிதக்கும்.

ஆனால் அண்ணனை மரத்தில் கொண்டுபோய் அடித்ததில் பெரிய பங்கு அகலத்துக்கு இல்லை என்றே இப்போது நினைக்கிறேன். கிடங்கில் கிடந்த அந்தப் பழைய டயர்களைச் சென்ற வருடம் கழுவிப் பார்த்தேன். ஒவ்வொரு டயரிலும், சுவரில் ஒரு சிறிய கட்டத்துக்குள், அது செய்யப்பட்ட வாரமும் வருடமும் அச்சாகியிருக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து நான்கு எண்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். அண்ணனின் டயரில் மூன்றே எண்கள் இருந்தன. 378. மூன்று எண் என்றாலே போன நூற்றாண்டு. 1998இன் 37ஆவது வாரம். அதற்கும் பத்து வருடம் முந்தியதாக இருக்கலாம் என்று யோசித்தேன், ஆனால் அந்த அளவு டயர் அப்போது இவ்வளவு பரவலாக இல்லை. எப்படிப் பார்த்தாலும் அண்ணன் மாட்டிய அன்று அதற்கு ஒன்பது வயது முடியப்போகிறது. ரப்பருக்குத் தேய்மானம் வேறு, வயது வேறு. ஓடாமல் கிடந்தாலும் காற்றில் உள்ள ஓசோனும் வெயிலும் அதை இறுக்கும், வெடிக்கவைக்கும். பூ முழுசாக இருக்கும், பிடிப்பு இருக்காது.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அந்த மூன்று எண்ணைப் படிக்கவில்லை. கட்டைவிரலால் படித்தார். எங்கள் வீட்டில் ரப்பரைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர். அவரிடம்தான் யாரும் கேட்கவில்லை. அண்ணனை மட்டும் சொல்லவில்லை, அன்று நானும் பக்கத்தில்தான் நின்றேன். பாட்டி சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் ரிம் காசைப் பற்றிச் சண்டை போட்டதற்குப் பதில் டயர் காசைப் பற்றிச் சண்டை போட்டிருப்பேன்.

பாட்டி 2012இல் போய்விட்டார். அவர் வெட்டிய தோட்டம் எண்பதுகளிலேயே செம்பனைக்கு மாறிவிட்டது. அண்ணனின் வண்டி இடித்த மரம்கூட அப்படி மாறிய ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நின்றதுதான். ஏழாவது கடைக்காரர் ஒரு வாரம் கழித்து வரவழைத்துக் கொடுத்த டயர் தாய்லாந்தில் செய்தது.

டயர் மாட்டிய அன்று அண்ணனை வரச் சொன்னேன். சின்ன ரிம்மில் வண்டி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றது. சுற்றி வந்து பார்த்தான். குனிந்து, ஒவ்வொரு டயரிலும் அந்தக் கட்டத்தைத் தேடி எண்ணைப் படித்தான். பிறகு சாவியை வாங்கி இடது கையாலேயே கதவைத் திறந்தான்.

"அன்னைக்கு ஏன்ணே அவ்ளோ காசு கொடுத்து அந்த ரிம்ம வாங்குன?" என்று கேட்டேன். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அது அவனுக்கும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அங்க பட்டறையில பன்னெண்டு மணி நேரம் குனிஞ்சே நிப்பேன். ஜேபி வந்து சாலையில எறங்குனா எல்லாவனும் திரும்பிப் பாப்பான். அதுக்குத்தான்."

நான் ராலே சைக்கிளைப் பற்றி அவனிடம் சொன்னேன். கிள்ளானைப் பற்றியும் சொன்னேன். பாட்டி சொன்ன கதை அவனுக்கு ஏற்கெனவே தெரியும், கோரிக்கைப் பட்டியல் தெரியாது. "சைக்கிள விட்டு எறங்காம இருக்கறதுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

பிறகு கூரையை மடக்கச் சொன்னான். மெர்சிங் சாலை பக்கம் போய்விட்டு வந்தோம். குழியில் இறங்கும்போது ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வரும்போது மழை பிடித்தது. வேகத்தைக் குறைத்தான்.